தித்திவங்சா பாசிக்காட்டில் கண்ட குடுவைத் தாவரம்: மேக்ஃபார்லனேயா, சாங்குவினியாவா?

மலைத்தடம் – கேள்வி

வணக்கம். தீபகற்ப மலேசியாவின் தித்திவங்சா மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலுள்ள பாசிக்காட்டு முகடு ஒன்றில் எடுத்த படங்களைக் கொண்டு இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். அங்கே பார்த்த குடுவைத் தாவரம் எந்தச் சிற்றினம் என்பதை உறுதியாக அறிய விரும்புகிறேன். இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பியாக நீண்டு, அதன் முனையில் மூடியுடன் கூடிய குடுவை அமைந்திருப்பதால், நெப்பந்திஸ் பேரினம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதற்கு மேல் செல்லும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

நான் பார்த்த குடுவைகள் இரண்டு வகையாக இருந்தன. ஒரு வகை தரையில், பாசிக்குள் பாதி புதைந்து அமர்ந்திருந்தது. முட்டை வடிவம், உயரம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், வெளிர்பச்சைப் பரப்பின் மேல் கருஞ்சிவப்புத் திட்டுகள். முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு மெல்லிய சிறகுகள் ஓடின. அவற்றின் ஓரத்தில் நூலிழைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. வாயைச் சுற்றியுள்ள விளிம்பு அகலமாகவும் சற்று நெளிந்தும் இருந்தது. அதன் உள்ளோரத்தில் சிறு பற்கள் தெரிந்தன. மற்றொரு வகை அருகிலிருந்த புதர்களில் மார்பளவு உயரத்தில் தொங்கியது. அதன் அடிப்பகுதி புனல்போல் குறுகி, மேலே விரிந்திருந்தது. நிறம் மஞ்சள் கலந்த பச்சை. உட்புறத்தில் மட்டும் செம்புள்ளிகள். சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மெல்லிய வரம்புகள் மட்டுமே இருந்தன. பற்றுக்கம்பியோ ஒரு குச்சியை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

இவை தவிர, சரிவில் சற்றுக் கீழே தனியாக நின்ற ஒரு செடியில் முழுவதும் சிவந்த, ஒடுங்கிய குடுவைகள் இருந்தன. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் நெப்பந்திஸ் சாங்குவினியா என்ற பெயரே மனத்தில் தோன்றியது. ஆனால் அதே மலைத்தொடரில் நெப்பந்திஸ் மேக்ஃபார்லனேயும் வளர்கிறது என்று அறிகிறேன். நான் பார்த்தவை இரண்டு சிற்றினங்களா, மூன்றா, அல்லது ஒன்றேதானா? எந்த உறுப்பைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டும்?

கொடிவழி – பதில்

தங்கள் வருணனை தெளிவாக இருப்பதால் முதல் பகுதிக்கு உடனே பதில் சொல்ல முடிகிறது. தரையில் இருந்தவையும் புதரில் தொங்கியவையும் பெரும்பாலும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. ஒரே செடியைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம். நெப்பந்திஸ் பேரினத்தின் மிகப் பெரும்பாலான சிற்றினங்கள் வாழ்நாளில் இரு வகைக் குடுவைகளை உருவாக்குகின்றன. செடி இளமையில் தண்டு நீளாமல் தரையோடு இலைகளை விரித்திருக்கும்போது வருபவை கீழ்க்குடுவைகள். தண்டு நீண்டு கொடியாக ஏறத் தொடங்கிய பிறகு வருபவை மேல்குடுவைகள். ஒரே செடியின் அடியில் முட்டை வடிவக் குடுவையும் உச்சியில் புனல் வடிவக் குடுவையும் ஒரே நேரத்தில் இருப்பது இப்பேரினத்தில் இயல்பு. பழைய தாவரவியலாளர்கள் சிலர் ஒரு செடியின் இரு வகைக் குடுவைகளையும் தனித்தனியாகப் பெற்று, அவற்றுக்கு வெவ்வேறு பெயர்களைச் சூட்டியதும் உண்டு.

வடிவத்தை மட்டும் பார்த்தால் குழப்பம் தீராது; பற்றுக்கம்பி குடுவையில் எந்தப் பக்கமாகச் சேர்கிறது என்று பாருங்கள். கீழ்க்குடுவையில் பற்றுக்கம்பி கீழிறங்கி வளைந்து, சிறகுகள் இருக்கும் முன்பக்கமாகவே அடியில் இணையும். அதனால் குடுவையின் வாய் தண்டை நோக்கியிருக்கும். மேல்குடுவையில் பற்றுக்கம்பி பின்பக்கமாக வந்து சேரும். வாய் செடிக்கு வெளியே திரும்பியிருக்கும். பற்றுக்கம்பியில் சுற்று விழுவதும் மேல்குடுவைகளின் அடையாளமே, ஏனெனில் கொடி ஏறுவதற்கான பிடிப்பை அதுதான் தருகிறது. தரையில் ஊர்ந்து வரும் பூச்சிகள் ஏறி வருவதற்குக் கீழ்க்குடுவையின் சிறகுகள் உதவுகின்றன என்ற விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. காரணம் எதுவாயினும், மேல்குடுவையில் அவை வரம்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. நீங்கள் கண்டதும் அதுவே.

அடுத்தது நிறம். நிறத்தைக் கொண்டு சிற்றினத்தைத் தீர்மானிக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். சாங்குவினியாவில் பச்சை, ஆரஞ்சு, அடர்சிவப்பு என எல்லா நிறங்களிலும் குடுவைகள் காணப்படுகின்றன. மேக்ஃபார்லனேயின் கீழ்க்குடுவைகளில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறியிருப்பதும் வழக்கம். வெயில் நேராக விழும் திறந்த முகட்டில் வளரும் செடி சிவந்திருக்கும். அதே செடியின் நிழலிலுள்ள கிளை பச்சையாக இருக்கும். புதிதாகத் திறந்த குடுவையின் நிறமும், அதே குடுவை முதிர்ந்த பின் கொள்ளும் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை.

இனி தங்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. மூடியின் அடிப்பரப்பைக் காட்டும் படம் ஏதேனும் உள்ளதா? மூடி குடுவையோடு சேரும் இடத்தின் பின்புறத்தில் உள்ள சிறு முள்நீட்சி ஒற்றையாக இருக்கிறதா, கிளைத்திருக்கிறதா? இரு வகைக் குடுவைகளும் ஒரே தண்டிலிருந்து வருவதைக் காட்டும் படம் கிடைக்குமா?

மலைத்தடம்

மிக்க நன்றி. படங்களைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தேன். புதரில் தொங்கிய குடுவைகளைத் தாங்கிய தண்டைக் கீழ்நோக்கித் தொடர்ந்தால், அது பாசிக்குள் இறங்கி, காய்ந்த பழைய இலைகளைத் தாண்டி, முட்டை வடிவக் குடுவை ஒன்று இன்னும் ஒட்டியிருக்கும் இலையில் போய்ச் சேர்வது ஒரு படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பற்றுக்கம்பி சேரும் பக்கமும் தாங்கள் சொன்னவாறே இருக்கிறது.

மேல்குடுவை ஒன்றைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்த படத்தில் மூடியின் அடிப்பரப்பு தெரிகிறது. அது வழுவழுப்பாக இல்லை. குட்டையான வெண்ணிறத் தூவிகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. தொடக்கத்தில் அதைப் பூஞ்சை என்று எண்ணிக் கவனிக்காமல் கடந்திருந்தேன். மூடி அகலமாகவும் நடுவில் சற்றுக் குவிந்தும் இருக்கிறது. முள்நீட்சியில் கிளைகள் தெரியவில்லை.

சரிவில் தனியாக நின்ற சிவந்த செடியின் மூடியை மட்டும் சாய்வான கோணத்தில்தான் எடுத்திருக்கிறேன். அதில் ஓரமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வெண்கோடுகள் தெரிகின்றன. அடர்த்தியாக ஏதும் இல்லை. அதன் குடுவைகள் மெலிந்த உருளை வடிவில் இருக்கின்றன.

பசுங்குடுவை – பதில்

அந்த வெண்தூவிகள்தான் தங்கள் கேள்விக்கான விடை. முகட்டில் கண்டது நெப்பந்திஸ் மேக்ஃபார்லனே. தீபகற்ப மலேசியாவின் நெப்பந்திஸ்களில் மூடியின் அடிப்பரப்பு முழுவதும் இப்படித் தூவிகளால் நிறைந்திருப்பது இதற்கே உரிய பண்பு. 1905இல் ஹெம்ஸ்லி இதற்குப் பெயரிட்டார். இப்பேரினத்தை விரிவாக ஆராய்ந்த ஜான் மியூர்ஹெட் மேக்ஃபார்லேனைச் சிறப்பிக்கும் பெயர் அது. சாங்குவினியாவுக்கு அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1849இல், லிண்ட்லி பெயரிட்டிருந்தார். சாங்குவினியாவின் மூடியைப் புரட்டிப் பார்த்தால் தூவிகள் இருக்காது. சிறு குழிகளைப் போன்ற தேன்சுரப்பிகள் மட்டுமே தெரியும்.

மூடியின் அடிப்பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் தவறவிடும் உறுப்பு அதுதான். குடுவையின் உடல் நீள்வதும் பருப்பதும் செடியின் வயது, வெளிச்சம், ஈரம் ஆகியவற்றுக்கேற்ப மாறுகின்றன. மூடியின் அடிப்பரப்பு அப்படி எளிதில் மாறுவதில்லை. இரைகளை அழைத்துவரும் தேன் சுரக்கும் இடங்களுள் ஒன்றான அது, ஒவ்வொரு சிற்றினத்திலும் வெவ்வேறு வேலைக்கேற்ப அமைந்திருக்கிறது. தாழ்நிலத்தில் பரவலாக வளரும் நெப்பந்திஸ் கிராசிலிஸில் அந்த அடிப்பரப்பு மெல்லிய மெழுகுப் படிகங்களால் மூடப்பட்டிருக்கும். தேன் அருந்த வந்த எறும்பு அங்கே தலைகீழாக நிற்கும்போது, மூடியின் மேல் மழைத்துளி விழுந்தால், அந்த அதிர்வில் எறும்பு பிடி நழுவிக் குடுவைக்குள் விழுகிறது. போர்னியோவின் உயர்மலைகளில் வளரும் நெப்பந்திஸ் லோவியிலோ மூடியின் அடியில் தடித்த முட்கள் போன்ற தூவிகளும் வெண்ணிறச் சுரப்பும் உள்ளன. அந்தச் சுரப்பை நக்க வரும் மலை மரமூஞ்சூறு, குடுவையின் வாயில் அமர்ந்தபடியே எச்சத்தை உள்ளே இடுகிறது. அந்த எச்சத்திலிருந்து செடி நைட்ரஜனைப் பெறுகிறது. நெப்பந்திஸ் மேக்சிமாவில் தூவிகளுக்குப் பதிலாக, மூடியின் அடியில் நடுக்கோட்டில் ஒரு வரம்பும் கொக்கி போன்ற நீட்சியும் இருக்கின்றன. ஆகவே மூடியைப் பார்க்காமல் ஒரு நெப்பந்திஸுக்குப் பெயர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இதனால் எல்லாச் சிற்றினங்களையும் மூடியைக் கொண்டே பிரிக்கலாம் என்று பொருளாகாது. ஒவ்வொரு கூட்டத்திலும் முடிவைத் தரும் உறுப்பு வேறுபடும். கினபாலு மலையின் நெப்பந்திஸ் ராஜாவில் பற்றுக்கம்பி இலையின் நுனியிலிருந்து கிளம்பாமல், நுனிக்குச் சற்று உள்ளே, இலையின் அடிப்பக்கத்திலிருந்து கிளம்புவதைப் பார்த்தாலே போதும். குடுவை இல்லாமலேயே பெயரைச் சொல்லிவிடலாம். சுலவேசியின் நெப்பந்திஸ் ஹமாட்டாவில் வாய்விளிம்பின் பற்கள் கருத்த கொக்கிகளாக வளைந்து நிற்கும். சுமத்ராவின் நெப்பந்திஸ் அரிஸ்டொலோக்கியாய்டிஸில் குடுவையின் தலை கூரைபோல் கவிந்து, வாய் ஏறத்தாழ செங்குத்தாக முன்னோக்கித் திறந்திருக்கும். தித்திவங்சாவின் உயர்முகடுகளைப் பொறுத்தவரை, மூடியின் அடிப்பரப்புக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது முள்நீட்சியே. இத்தொடரில் வளரும் நெப்பந்திஸ் ராமிஸ்பைனாவின் முள்நீட்சி கிளைத்திருக்கும். அதன் குடுவைகள் பெரும்பாலும் கருமை ஏறிய ஊதா நிறத்திலும் வாய்விளிம்பு வெளிறியும் காணப்படும். தங்கள் படத்தில் கிளைகள் இல்லாததாலும், குடுவையின் உடல் பருத்திருப்பதாலும் ராமிஸ்பைனாவை விலக்கிவிடலாம்.

உயரத்தை வைத்துப் பிரிக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். சாங்குவினியா சில நூறு மீட்டரிலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் வரை காணப்படுகிறது. மேக்ஃபார்லனே 1,000 மீட்டருக்கு மேல் தொடங்கி 2,000 மீட்டரையும் தாண்டுகிறது. தாங்கள் நின்ற 1,700 மீட்டரில் இரண்டுக்கும் இடமுண்டு. அந்த எண் இங்கே எதையும் தீர்மானிக்காது.

உலர்தாவரகம் – பதில்

முகட்டுச் செடியின் பெயரில் எனக்கும் உடன்பாடே. சரிவில் நின்ற சிவந்த செடியைப் பற்றியே எழுத வருகிறேன். அதைச் சாங்குவினியா என்று உடனே எழுதிவிட வேண்டாம். மெலிந்த உருளை வடிவக் குடுவை சாங்குவினியாவை நோக்கிச் செல்கிறது. மூடியின் ஓரத்தில் சிதறிய வெண்தூவிகள் மேக்ஃபார்லனேயை நோக்கிச் செல்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே இயற்கையில் கலப்பினம் உண்டாவது பதிவாகியிருக்கிறது.

நெப்பந்திஸில் கலப்பினங்கள் இவ்வளவு எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இவை ஈரில்லத் தாவரங்கள்; ஆண்பூக்கள் ஒரு செடியிலும் பெண்பூக்கள் வேறொரு செடியிலும் பூக்கின்றன. அதனால் ஒவ்வொரு விதையும் அயல் செடியின் மகரந்தத்தைப் பெற்றே உருவாகிறது. சிற்றினங்களுக்கு இடையே கருவுறுதலைத் தடுக்கும் உள்தடையும் வலுவாக இல்லை. அவை கலக்காமல் இருப்பதற்கு, வாழும் உயரம் வேறுபடுவதும் பூக்கும் காலம் விலகியிருப்பதுமே பெரிதும் காரணம். இரண்டு சிற்றினங்களின் எல்லைகள் ஒரே சரிவில் சந்திக்கும்போது, பூக்கும் காலமும் ஒத்துவந்தால், கலப்பு நிகழ்ந்துவிடுகிறது. கினபாலு மலையில் ராஜாவும் நெப்பந்திஸ் வில்லோசாவும் கலந்து உருவான நெப்பந்திஸ் கினபாலுவென்சிஸ் இதற்கு நல்ல சான்று. பற்றுக்கம்பி இலையில் சேரும் இடம், வாய்விளிம்பின் வரிகள், பற்கள் எனப் பல பண்புகளில் அது பெற்றோர் இருவருக்கும் நடுவே நிற்கிறது.

தாங்கள் செய்ய வேண்டியதும் அத்தகைய ஒப்பீடே. ஒரே ஒரு பண்பு இடைநிலையாக இருந்தால் அது அச்சிற்றினத்துக்குள்ளேயே காணப்படும் வேறுபாடாகவும் இருக்கலாம். மூடியின் தூவி, மேல்குடுவையின் வடிவம், வாய்விளிம்பின் அகலம் ஆகிய மூன்றும் ஒருங்கே இடைநிலையில் இருந்து, பெற்றோர் இருவரும் அருகிலேயே வளர்ந்தால், கலப்பினம் என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. அதனால் அந்தச் சரிவில் ஐயமற்ற சாங்குவினியா எங்கேனும் நிற்கிறதா என்பதையும் தேட வேண்டும்.

பூக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மற்றக் குடும்பங்களில் பூவைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகியவர்கள் இங்கே ஏமாற்றம் அடைவார்கள். நெப்பந்திஸ் பூக்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அமைப்பு உடையவை: பெரும்பாலும் நான்கு சிறு பூவிதழ்கள், அவற்றின் மேல்பரப்பில் தேன்சுரப்பிகள், ஆண்பூவில் மகரந்தத்தாள்கள் ஒரு தூணாக ஒன்றிணைந்து நுனியில் மகரந்தப்பைகளைத் தாங்கும். எனினும் மஞ்சரியைப் படம் எடுக்காமல் விடாதீர்கள். பூக்காம்பு ஒவ்வொன்றிலும் ஒரு பூவா இரண்டா, காம்பின் அடியில் சிற்றிலை உண்டா என்பவை அடையாளங்காண உதவும் பண்புகளே. காய்ந்த மஞ்சரியும் பயன்படும். நான்காக வெடித்த காய் இருந்தால் அது பெண்செடி என்பதாவது உறுதியாகும்.

கொடிவழி

உலர்தாவரகம் எழுதியதில் ஓர் இடத்தில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. சாய்வான கோணத்தில் தெரியும் வெண்கோடுகளைத் தூவிகள் என்று இப்போதே ஏற்றுக்கொள்வது அவசரம். மூடியின் ஓரத்தில் தேங்கிய தேன்துளிகளும் பாசிக்காட்டின் பனித்துளிகளும் ஒளியில் அப்படியே தோன்றும். அந்தச் செடி இன்னும் கொடியாக ஏறவில்லை என்றால், அதன் குடுவைகள் கீழ்க்குடுவைகளா, இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்டவையா என்பதும் தெரியவில்லை. இடைநிலைக் குடுவைகளின் வடிவத்தை இன்னொரு சிற்றினத்தின் மேல்குடுவையோடு ஒப்பிட்டால் முடிவு பிழையாகிவிடும். எந்த நிலையில் உருவான குடுவை என்பதை முதலில் உறுதிசெய்த பிறகே, அதே நிலையில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும்.

மீண்டும் செல்ல நேர்ந்தால், மூடியைக் கையால் பிடித்து வளைக்க வேண்டாம். திறந்த மூடி மறுபடி மூடுவதோ அசைவதோ இல்லை. வளைத்தால் காம்புப் பகுதி முறிந்து, மழைநீர் நேராக உள்ளே விழுந்து செரிமான நீர் நீர்த்துப்போகும். சிறிய கண்ணாடி ஒன்றைக் குடுவையின் வாய்க்கருகே மேல்நோக்கிப் பிடித்து, அதில் தெரியும் உருவத்தைப் படம் எடுக்கலாம். கைப்பேசியின் முன்புறக் கேமராவை மேல்நோக்கி வைத்தும் எடுக்கலாம். இளந்தளிரில் தூவி இருக்கிறதா, இலையின் அடிப்பகுதி தண்டை எப்படித் தழுவுகிறது என்பவற்றையும் சேர்த்து எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் இருக்கட்டும்.

மலைத்தடம்

சிவந்த செடி கொடியாக ஏறவில்லை. அதன் உயரம் முழங்காலுக்குக் கீழேதான். குடுவைகளின் முன்பக்கத்தில் சிறகுகள் குட்டையாகத் தெரிகின்றன. பற்றுக்கம்பியில் சுற்று இல்லை. அப்படியென்றால் கொடிவழி சொல்வதுபோல் இவை கீழ்க்குடுவைகளாகவோ இடைநிலைக் குடுவைகளாகவோ இருக்க வேண்டும். அந்த இடத்தின் வரைபடக் குறியீட்டை இங்கே பதிவிட்டால், அப்பக்கம் செல்லும் வேறு யாரேனும் பார்த்து உறுதிசெய்ய இயலுமா?

உலர்தாவரகம்

கொடிவழியின் எச்சரிக்கை சரியானது. சிறகுகள் இருக்கும் குடுவையை வைத்துக் கலப்பினம் என்ற முடிவுக்குச் செல்ல இயலாது. அந்தச் செடி ஏறி மேல்குடுவை தரும் வரை பொறுத்திருப்பதே நல்லது.

வரைபடக் குறியீட்டைத் தயவுசெய்து பொதுவில் பதிவிட வேண்டாம். நெப்பந்திஸ் பேரினம் முழுவதுமே பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. ராஜாவும் நெப்பந்திஸ் காசியானாவும் முதல் இணைப்பிலும், ஏனையவை இரண்டாம் இணைப்பிலும் உள்ளன. அப்படியிருந்தும் உயர்மலைச் செடிகளைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பவர்கள் உண்டு. கலப்பினமாக இருக்கலாம் என்று எழுதிய ஒரு செடியின் துல்லியமான இருப்பிடம் அவர்களுக்கு வேண்டிய செய்தி. மலைத்தொடரின் பெயரும் உயரமும் அடையாளங்காண்பதற்குப் போதும். படக்கோப்பில் இருப்பிடத் தகவல் தானாகப் பதிந்திருந்தால் அதையும் நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.

குறிப்பேட்டில் முகட்டுச் செடிக்கு நெப்பந்திஸ் மேக்ஃபார்லனே என்று எழுதி, அதற்கான ஆதாரமாக மூடியின் அடிப்பரப்பில் உள்ள அடர்ந்த வெண்தூவிகளையும், கிளைக்காத முள்நீட்சியையும், ஒரே தண்டில் இருந்த இரு வகைக் குடுவைகளையும் குறியுங்கள். சரிவுச் செடிக்குப் பேரினத்தின் பெயரை மட்டும் எழுதி, சிற்றினத்தின் இடத்தைக் காலியாக விடுங்கள். அதன் பக்கத்தில் ‘மேல்குடுவையின் மூடி பார்க்கப்பட வேண்டும்’ என்று எழுதிவைத்தால், அடுத்து அங்கே செல்பவருக்கு எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.